காட்டைக் காப்பவர் யார்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுக்கு ஒருமுறை நாம் இவ்வாறு கூடுகின்றோம். குழந்தைகளின் ஆடலையும் பாடலையும் கண்டு மகிழ்கின்றோம். தேர்வில் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்துப் பாராட்டுகின்றோம். ஊர்ச் செய்தியும் உறவுச் செய்தியும் பேசிக் கலைகின்றோம். இவற்றிடையே சிறிது நேரம் ஒரு பொருளைப் பற்றிச் சிந்திப்பதும் நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் காடு. காடு தரும் பொருள்கள் யாவை, அவற்றை நம்பி வாழ்வோர் யாவர், அக்காட்டை யார் காப்பது என்னும் மூன்றையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

அபர்டீன் பஜாரிலே துணிக்கடையும் மளிகைக்கடையும் நடத்துவோர்க்கும், அலுவலகங்களிலே எழுத்துப் பணி புரிவோர்க்கும் காட்டோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் காடு என்றே அரசுப் பதிவேடுகளில் உள்ளது. நாம் வாழும் நகரம் அப்பெருங்காட்டின் ஓரத்திலே ஒரு சிறு வெட்டவெளி. நாம் குடிக்கும் நீரும், நம் பாட்டனார் காலத்து வீட்டின் தூணும் பலகையும், நம்முள் பலருடைய குடும்பங்களை இங்கே கொணர்ந்த வேலையும் அக்காடு தந்தவையே.

முதலில் நம் பஜாரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். அபர்டீன் என்பது ஸ்காட்லாந்து நாட்டின் ஒரு நகரப் பெயர். வெள்ளையர் இட்ட பெயர். ஆனால் வரலாற்றிலே இப்பெயர் ஒரு போரின் பெயராகவும் நிற்கின்றது. 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் கொண்டு குடியிருப்பு அமைத்தனர். அமைத்தவுடன் காட்டை வெட்டலாயினர். காட்டிலே வாழ்ந்த பேரந்தமானிய மக்கள் தம் வேட்டைக்களமும் கிழங்கும் தேனும் மரத்தோடு சேர்ந்து சாய்வதைக் கண்டனர். அடுத்த ஆண்டு, 1859 மே மாதத்தில், வில்லும் அம்பும் ஏந்தித் திரண்டு வந்து தாக்கினர். தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்னர்த் தப்பியோடி அவர்களிடையே ஓராண்டளவு வாழ்ந்தவர்; அவர் திரும்பி வந்து முன்கூட்டியே செய்தி சொல்லிவிட்டார். துப்பாக்கிகள் ஆயத்தமாக இருந்தன. அம்பு தோற்றது. இதுவே அபர்டீன் போர்.

அன்று தோற்றவர்கள் பின்னர் நோயாலும் மெலிந்தனர். 1877-இல் பரவிய மணல்வாரி அம்மை அவர்களுள் பெருந்தொகையினரைக் கொண்டு சென்றது. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஓர் இனம் 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தொன்பது பேராகச் சுருங்கிற்று. இன்று ஸ்ட்ரெயிட் தீவிலும் இந்நகரிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் சிலரே உளர். நாம் நாள்தோறும் மணிக்கூண்டைக் கடந்து செல்கின்றோம். காட்டைக் காக்க நின்றவர்களின் குருதி சிந்திய நிலத்திலே நம் கடைத்தெரு நிற்கின்றது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோமா? சொல்ல வேண்டும்.

அதன்பின் நூறாண்டுக் காலம் காட்டின் கணக்கு மரக்கணக்காகவே இருந்தது. 1883-இல் இங்கே வனத்துறை தோன்றியது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மரமறுக்கும் ஆலையும் எழுந்தது. படாக் என்னும் செம்மரத்தை நீங்கள் அறிவீர்கள். நம் ஊர் வேங்கைக்கு அது நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குர்ஜன் மரமும் அவ்வாறே நெடிதுயர்ந்து வளர்வது. இவை கடல் கடந்து சென்று விலை பெற்றன. மரம் வெட்டக் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து ஒராவன், முண்டா, கரியா மக்கள் அழைத்துவரப்பட்டனர். நாம் அவர்களை ராஞ்சி மக்கள் என்கின்றோம். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தருக்கு அருகே வேபி என்னும் ஊரை அமைத்தனர். நம் தமிழ் மக்களும் வந்தனர். ஆலையிலே மரம் அறுத்தனர், துறைமுகத்திலே மரம் ஏற்றினர், சாலை போட்டனர். சாத்தத்துக்கும் நகருக்கும் 1930-இல் பாலம் அமைந்தது. 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசினர்; அக்குண்டு விழுந்த பள்ளம் இன்றும் ஆலை வளாகத்திலே காட்டப்படுகின்றது.

விடுதலைக்குப் பின்னும் இப்போக்கு மாறவில்லை. ஒட்டுப்பலகை ஆலைகளும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் மரத்தை நம்பியே இயங்கின. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சிலர் கச்சல் தீவிலே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அத்தோட்டமும் காடு வெட்டி உண்டாக்கியதே. ஆகவே அன்பர்களே, இக்காட்டின் மீது நமக்கு உரிமையும் உண்டு, கடனும் உண்டு. உரிமையை நாம் எளிதில் நினைவு கூர்கின்றோம், கடனை மறந்துவிடுகின்றோம்.

நம் முன்னோர் காட்டை இவ்வாறு மரக்கணக்கால் அளந்தார்களா? பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களுக்கு என்ன சொன்னார் என்பதைப் புறநானூறு படித்தோர் அறிவர். மதிலின் உயரத்தையும் படையின் தொகையையும் அவர் பெரிதாகப் பேசவில்லை. உழாமலே கிடைக்கும் மலையின் விளைவை எண்ணிக் காட்டினார். மூங்கிலின் நெல், பலாவின் பழம், வள்ளியின் கிழங்கு, பாறையின் தேன் ஆகிய நான்குமே அவர் கண்ட செல்வம். இந்நான்கிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. எடுத்தாலும் மறுபடி விளைவன இவை. வேரை அறுக்காமல் விளைவை மட்டும் எடுக்கத் தெரிந்த குடிகள் உள்ளவரையில் அம்மலை பசியால் வீழாது என்பதே புலவரின் துணிபு. திருவள்ளுவரும் நாட்டின் அரணைச் சொல்லுமிடத்து நீரோடும் மலையோடும் காட்டையும் சேர்த்தே எண்ணினார்.

காட்டை விறகாகவும் சட்டமாகவும் காண்பது ஒரு கணக்கு. ஆண்டுதோறும் திரும்ப வரும் விளைவாகக் காண்பது மற்றொரு கணக்கு. முதற்கணக்கு நம் தீவுகளில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர் சேகர் சிங் தீவுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை அளித்தார். அதனை ஏற்று 2002 மே மாதத்தில் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. காட்டுமரத்தைத் தொழிற்சாலைகளுக்கு வெட்டிக் கொடுப்பது நின்றது. பழங்குடி மக்களின் காப்புக்காடுகளில் கோடரி புகலாகாது என்பது உறுதியாயிற்று.

ஆணை நல்லது. அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. நாள் தவறாமல் சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்ற குடும்பத் தலைவர்கள் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்தனர். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அந்நிலை உண்டாயிற்று. 1977-இல் தோன்றிய வன, தோட்ட வளர்ச்சிக் கழகமும் நலிந்து, 2017-இல் அதனை மூட நடுவண் அமைச்சரவை இசைவு தந்தது. மரம் வெட்டிய காலத்தில் இலாபம் வேறு யாரிடமோ சென்றது. மரம் வெட்டாத காலத்தில் இழப்பு மட்டும் கூலியாளிடம் வந்தது. காட்டைக் காப்பது என்றால் காட்டருகே வாழ்வோரை வெளியே தள்ளிக் கதவடைப்பதுதானா? இவ்வினாவே இன்று நம்முன் நிற்பது.

இதற்கு விடையாக நம் தீவிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றோம். கேளுங்கள்.

இங்கே ஹவாபில் என்று வழங்கும் சிறு பறவை ஒன்று உண்டு. உழவாரக் குருவியின் இனம். வட அந்தமானிலும் பாராடாங்கிலும் உள்ள சுண்ணாம்புக்கல் குகைகளிலே அது வாழ்கின்றது. கும்மிருட்டிலே ஒலி எழுப்பி, எதிரொலியால் வழி அறிந்து பறக்கும் வியத்தகு ஆற்றல் அதற்கு உண்டு. புல்லும் களிமண்ணும் கொண்டு அது கூடு கட்டுவதில்லை. தன் உமிழ்நீரையே நூலாக நூற்றுப் பாறையின் மீது வெண்ணிறக் கிண்ணம் போலக் கட்டுகின்றது. அக்கூட்டைச் சாறாகக் காய்ச்சிக் குடிப்பது சீன மக்களின் வழக்கம். அதனால் அதற்கு வெள்ளிக்கு நிகரான விலை. கண்டோர் விடுவார்களா? கூடு கட்டி முடியுமுன்னே பறித்தனர். பறவை மறுபடியும் கட்டும், மறுபடியும் பறித்தனர். முட்டை இருந்தால் முட்டையை எறிந்தனர். குஞ்சு இருந்தால் குஞ்சையும் எறிந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குகைகள் வெறுமையாயின.

நம் கோயம்புத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த இரவி சங்கரன் என்னும் அறிஞர் 1990-களில் இக்குகைகளைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார். படகிலும் கால்நடையிலும் சென்று, குகைக்குள் தவழ்ந்து, கூடுகளை எண்ணினார். பறவை அழிந்துவருகின்றது என்பது கணக்கிலே தெளிந்தது. வேறொருவராயின் 'காவலரை அனுப்புக. கூடு எடுப்போரைச் சிறையிலிடுக' என்று எழுதியிருப்பார். அவர் அவ்வாறு எழுதவில்லை. குகையின் வழியை நன்கு அறிந்தவன் யார்? பறவை எப்போது கட்டும், எப்போது முட்டையிடும், எப்போது குஞ்சு பறக்கும் என்பதை அறிந்தவன் யார்? கூடு எடுப்பவனே அல்லனோ? அவனையே காவலனாக்குவோம் என்றார்.

வனத்துறையும் அம்மையமும் சேர்ந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைச் செய்தன. வட அந்தமானில் சாலிஸ் ஏக் என்னும் இடத்துக் குகைகளில் முன்பு கூடு எடுத்தவர்களே கூலி பெற்றுக் காவல் இருந்தனர். இனப்பெருக்கக் காலம் முழுதும் குகையருகே குடில் போட்டுத் தங்கினர். எந்தக் குகையில் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எழுதி வைத்தனர். காவல் இருந்த குகைகளிலே பறவை பெருகிற்று. குஞ்சு பறந்துபோன பின் அக்கூடு பறவைக்குப் பயன்படாது. அப்போது அதனை எடுத்து முறையாக விற்றால் காவலனுக்கும் வாழ்வு, பறவைக்கும் வாழ்வு. இந்தோனேசியாவிலே இப்பறவைக்கென வீடு கட்டி வளர்த்துக் கூடு எடுக்கும் தொழிலே பெருகியுள்ளது.

இடையிலே ஒரு தடை வந்தது. நல்ல நோக்கத்தோடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே இப்பறவையைச் சேர்த்தனர். அட்டவணையில் சேர்ந்துவிட்டால் கைவிடப்பட்ட கூட்டையும் தொடலாகாது. காத்தவனுக்குக் காவற்கூலிக்கு மேல் எதிர்காலம் இல்லை என்றாயிற்று. சில ஆண்டுகள் வாதாடிய பின்னரே அக்கட்டுத் தளர்ந்தது. இரவி சங்கரன் 2009-இல் நடுத்தர வயதிலேயே மறைந்தார். அவர் தொடங்கி வைத்த நெறி மறையவில்லை. சட்டம் பறவையை மட்டும் பார்த்தது. அவரோ பறவையையும் மனிதனையும் சேர்த்துப் பார்த்தார்.

இந்நெறி நம் தாயகத்துக்கும் புதிதன்று. செங்கற்பட்டுப் பகுதி இருளர்களை நீங்கள் அறிவீர்கள். பாம்பு பிடித்துத் தோலை விற்று வாழ்ந்தவர்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. ஒரே நாளில் ஒரு குலத்தின் தொழில் குற்றமாயிற்று. அப்போது 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்று உயிரோடு பிடிப்பர். சில வாரம் வைத்திருந்து நஞ்சை எடுப்பர். பின்பு வயிற்றுச் செதிலிலே அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுவர். நாடெங்கும் பாம்புக்கடிக்கு இடும் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக அளித்து வந்தது அச்சிறு சங்கமே. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்கு நாட்டின் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பைக் கொன்று வாழ்ந்த கை, பாம்பையும் காத்து மனிதனையும் காக்கும் கையாயிற்று. அறிவு அதே அறிவுதான். அதனை நம்பியவர் கிடைத்ததே வேறுபாடு.

மராட்டிய நாட்டின் கட்சிரோலி மாவட்டத்திலே மேண்டா லேகா என்னும் கோண்டு மக்களின் சிற்றூர் உள்ளது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் தன் காட்டின் மீது ஊர் முழுமைக்கும் பொதுவான உரிமையை முதன்முதலிற் பெற்ற ஊர்களுள் அது ஒன்று. மூங்கிலை வெட்டி விற்க அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் 2011-இல் அவ்வூர் அவைக்கே வந்தது. எவ்வளவு வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை ஊரார் ஒன்றாக அமர்ந்து, ஒருவரும் மாறுபடாத முடிவாகவே எடுக்கின்றனர். முன்பு எங்கோ ஒரு தாள் ஆலைக்குச் சென்ற மூங்கிலின் விலை இப்போது ஊர்ப் பொதுப் பணமாகின்றது. தனக்குச் சொந்தமானதைத் தானே திருடுவார் யார்?

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலும் நாம் காணும் உண்மை ஒன்றே. அறிந்தவனிடம் காவலைக் கொடுத்து, காவலின் பயனில் அவனுக்குப் பங்கும் கொடுத்தால் காடு நிலைக்கும். அறிந்தவனைத் திருடன் என்று விலக்கினால், காடு உண்மையான திருடனிடம் போய்ச் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காட்டு மக்கள் அனைவரையும் ஒரே கோலால் அளத்தல் கூடாது. ராஞ்சி மக்களும் கரேன் மக்களும் நாமும் காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள். நமக்கு வேண்டியது காட்டோடு ஒத்து வாழும் தொழில். ஜாரவா மக்களும் ஓங்கே மக்களும் சென்டினல் மக்களும் அவ்வாறல்லர். காடே அவர்தம் வீடு. அதுவே உணவறையும் மருந்தறையும் ஆகும். அவர்கட்கு நாம் எந்தத் தொழிலையும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவர்கள் காட்டை அவர்களிடமே விட்டுவிட்டால் போதும்.

ஜாரவா மக்கள் தேன் எடுப்பதை நோக்குங்கள். ஒருவகைச் செடியை மென்று அதன் சாற்றை உடலிற் பூசிக்கொண்டு மரமேறுவர். தேனீ விலகும். நெருப்பிட்டுக் கூட்டத்தை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. காட்டுப்பன்றி, உடும்பு, மீன், கிழங்கு, பழம் என்று காலத்துக்கு ஏற்ப உணவு மாறும். ஓரிடத்தில் உணவு குறையும்முன் வேறிடம் செல்வர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, டுகாங் கிரீக்கில் வாழ்ந்த ஓங்கே மக்கள் கடல் பின்வாங்கியதைக் கண்டதும் மேட்டுநிலத்துக்கு ஏறி உயிர் தப்பினர். கல்வி நிரம்பிய நாமோ கரையிலே நின்று வேடிக்கை பார்த்தோம். காட்டறிவு என்பது அறியாமை அன்று. அது வேறொரு கல்வி.

அவர்களைக் காக்க 1956-இல் பழங்குடியினர் காப்பு ஒழுங்குமுறை வந்தது. மறு ஆண்டில் ஜாரவா காப்புக்காடு வரையறுக்கப்பட்டது. இன்று அது ஆயிரம் சதுர கிலோமீட்டரைக் கடந்தது. 1997 வரை அவர்கள் நம்மை அண்ட விடவில்லை. அதன்பின் வெளியே வரத் தொடங்கினர். வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1999-இல், மணல்வாரி அம்மை அவர்களைத் தாக்கியது. பேரந்தமானியர்க்கு 1877-இல் நேர்ந்ததை நினைத்து நெஞ்சம் நடுங்கிற்று. நற்பேறாக இம்முறை மருத்துவம் துணை நின்றது. 2001 கணக்கில் 240 ஆக இருந்த அவர்தம் தொகை 2011 கணக்கில் 380 ஆகப் பெருகியது. தனித்து வாழ விட்டால் இனம் பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, நம் பங்கு என்ன?

நம் கடைத்தெருவிலே சில நேரங்களில் ஒருவர் பழைய குப்பியிலே தேன் கொண்டு வருவார். 'அசல் காட்டுத்தேன் ஐயா! உள்ளேயிருந்து வந்தது' என்று மெல்லச் சொல்வார். அந்த 'உள்ளே' என்பதன் பொருள் நமக்குத் தெரியாததன்று. அவ்வாறே மானிறைச்சியும் பன்றியிறைச்சியும் நண்டும் காப்புக்காட்டின் உள்ளேயிருந்து வருவதுண்டு. நாம் விலை கேட்கின்றோம்; அவர் சொல்கின்றார்; மலிவு என்று மகிழ்ந்து வாங்குகின்றோம். அக்குப்பியிலே இருப்பது ஒரு ஜாரவாக் குழந்தையின் உணவு என்பதை நாம் எண்ணுவதில்லை. அதற்கு மாற்றாக உள்ளே செல்வது புகையிலையும் மதுவும் நோயும் என்பதையும் எண்ணுவதில்லை. திருடுபவன் ஒருவன், ஆனால் அவனைத் திருட அனுப்புவது நம் சமையலறை. வாங்குவார் இல்லையேல் கொண்டுவருவார் இல்லை. ஆகவே காப்புக்காட்டுப் பொருள் எதனையும் நம் வீட்டு வாயிலுக்குள் விடுவதில்லை என்று இன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் உறுதி கொள்ளுதல் வேண்டும். தாய்மார்களே, இவ்வுறுதி உங்கள் கையில்தான் முதலில் உள்ளது.

இரண்டாவது, ஊரிலிருந்து உறவினர் வந்தால் பாராடாங் குகை காட்ட அழைத்துச் செல்கின்றோம். ஜிர்க்காடாங் வாயிலிலே வண்டிகள் வரிசையாய் நிற்கும். அவ்வழி செல்லும்போது சாலையோரம் நிற்போர் காட்சிப் பொருள் அல்லர். பிஸ்கட்டு எறிவதும் படம் எடுப்பதும் சட்டத்துக்கு மட்டுமன்றி, விருந்தோம்பும் நம் பண்பாட்டுக்கும் இழுக்கு. அங்கே விருந்தினர் நாம், வீட்டார் அவர்கள். அழைப்பின்றிச் சென்ற விருந்தினர் எவ்வளவு அடங்கி ஒழுக வேண்டும்!

மூன்றாவது, வேலை இழந்த குடும்பங்களின் பொருட்டும் நாம் குரல் கொடுக்க வேண்டும். பிரம்பும் மூங்கிலும், கூரைக்கு ஆகும் நீப்பாப் பனையோலையும், காப்புக்காட்டுக்கு வெளியே எடுக்கத்தக்க தேனும், முறையாகக் காத்து எடுக்கும் ஹவாபில் கூடும் நம் தீவுகளில் உள்ளன. இவற்றை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், ராஞ்சிக் குடியிருப்பிலும் கரேன் ஊரிலும் தமிழ்க் குடியிருப்பிலும் வாழும் மக்களின் கூட்டுறவுகளிடம் விட வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதை அவர்களும் வனத்துறையும் கூடியிருந்து முடிவு செய்ய வேண்டும். கணக்கை ஆண்டுதோறும் ஊரறியப் படிக்க வேண்டும். மரம் வெட்டி வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை மரம் எண்ணி, மரம் காத்து வாழ இயலும். இருளர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

மற்றொன்று. பெரிய நிக்கோபாரிலே துறைமுகமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர்க் காட்டைப் பயன்படுத்த 2022-இல் முதற்கட்ட இசைவு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அப்பகுதிப் பழங்குடி மன்றம் தான் முன்பு அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. நாட்டின் பாதுகாப்பும் வணிகமும் சிறியன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஷோம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் வாழும் காட்டைப் பற்றி முதற்சொல் யாருடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. 1859-இல் அக்கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேளாததன் விளைவை நாம் அறிவோம்.

அன்பர்களே! இந்நகரின் பெயர் மாறியது. போர்ட் பிளேர் என்று அழைத்து வந்ததை 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றினர். ஆட்சிகள் மாறின, ஆலைகள் எழுந்தன, ஓய்ந்தன. மாறாமல் நிற்பது நம் பின்னே உள்ள பச்சை மலை ஒன்றே. மழைக்காலத்திலே அதன் மேல் மேகம் இறங்கும்போது நம் வீட்டுக் கிணறு நிறைகின்றது. அம்மலை நமக்கு முன்னோர் தந்த சொத்து அன்று. நாம் இங்கே வருமுன்னரே பிறர் காத்து வைத்திருந்த பொருள். பிறர் பொருளைக் காவலில் வைத்திருப்பவன் அதனைக் குறையாமல் திருப்பித் தருவதே நேர்மை.

காட்டைக் காப்பவர் யார் என்று கேட்டு உரையைத் தொடங்கினோம். காட்டுக்குள் வாழ்வோர் காக்கின்றனர். காட்டருகே உழைப்போர் காக்க இயலும். கடைத்தெருவில் வாழும் நாமோ, வாங்காமல் இருப்பதனாலேயே காக்கலாம். இம்மூன்று காவலும் சேர்ந்தால் இத்தீவுகள் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பசுமையாகவே இருக்கும். அடுத்த ஆண்டு விழாவிலே நாம் மீண்டும் கூடும்போது, 'எங்கள் வீட்டில் அந்தக் குப்பி நுழையவில்லை' என்று ஒவ்வொரு தாயும் சொல்லக் கேட்போமாயின், இவ்வுரை பயன் பெற்றதாகக் கருதுவோம்.